எல்லையோரத்து ஆங்கில ஆசிரியர் தரவக மொழியியலுக்குப் போகலாமா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "பாலக்காடு மாவட்டம், வேலந்தாவளம் பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம், பிறகு எம்.ஏ. ஆங்கிலம். இப்போது ஒரு டுடோரியலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கார்பஸ் லிங்குவிஸ்டிக்ஸில் பிஎச்.டி. செய்ய ஆசை. புரோகிராமிங் தெரியாது. ஆங்கிலம் கற்பிக்க அது உண்மையிலேயே உதவுமா? அந்த வழியில் போகிறவரின் ஆய்வு வாழ்க்கை எப்படி இருக்கும்?"

தம்பி, புரோகிராமிங் இல்லாமலே தொடங்கலாம். கற்பித்தலுக்கு உதவும், ஆனால் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை தானாகப் பாடமாக மாறிவிடாது. ஆய்வு வாழ்க்கையைக் கேட்டால், முதல் சில வருடங்களில் பெரும்பகுதி தட்டச்சிலும் அனுமதிக் கடிதத்திலும் கோப்புகளுக்குப் பெயர் வைப்பதிலும்தான் போகும். அதைக் கூலி வேலை என்று நினைப்பவர்கள் இந்தத் துறையில் நிலைப்பதில்லை. எதைச் சேர்த்தோம், யாரிடமிருந்து சேர்த்தோம், எப்படிச் சேர்த்தோம் என்பதில்தான் ஆய்வின் முக்கால் பங்கு இருக்கிறது. அந்த விஷயத்தில் உங்கள் ஊர் உங்களுக்கு ஒரு வரம். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

கார்பஸ் என்பதைத் தமிழில் தரவகம் என்கிறோம். உண்மையில் பேசப்பட்ட, எழுதப்பட்ட மொழியை ஒரு திட்டத்தோடு சேர்த்து, தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கும் தொகுப்பு அது. கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகம் 1962-ல் புறநானூற்றுக்கு ஒரு சொல்லடைவு வெளியிட்டது. செய்தவர் வ. அய். சுப்பிரமணியம், நாகர்கோவில் வடசேரிக்காரர். எந்தச் சொல், எந்த வடிவத்தில், எந்தப் பாட்டில் வருகிறது என்ற பட்டியல். அவருடைய மாணவர்கள் பலர் சங்க நூல் ஒவ்வொன்றையும் எடுத்து இதே போல அடைவும் இலக்கணமும் எழுதித்தான் பட்டம் வாங்கினார்கள். அவரே பிற்பாடு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். குப்பத்தில் 1997-ல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகத்துக்கும் உழைத்தார். தமிழ் மொழியியலில் இன்று நாம் சாதாரணமாகக் கையாளும் எத்தனையோ முடிவுகள் அந்த அடைவுகளின் முதுகில் ஏறி வந்தவை. அவற்றைத் தயாரித்த கைகளை யாரும் நினைப்பதில்லை என்பது வேறு கதை.

ஆங்கிலம் கற்பித்தல் ஆய்விலும் நம் துணைக்கண்டத்துக்குப் பங்கு உண்டு. மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசகப் புத்தகங்களில் எப்போதாவது வரும் சொற்கள் குவிந்து கிடப்பதையும், ஒரு சொல் வந்துவிட்டு மறுபடி தலைகாட்டாமல் போவதையும் கவனித்தார். அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடு, கொடுத்ததைத் திரும்பத் திரும்பக் கொண்டுவா என்று தன் வாசகங்களை எழுதினார். 1953-ல் வந்த அவருடைய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள் கொண்டது. இன்றும் பாடநூல் எழுதுகிறவர்கள் அதன் வாரிசுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு சொல்லை அதோடு சேர்ந்து வரும் சொற்களை வைத்தே அறிய வேண்டும் என்று சொன்ன ஜே. ஆர். ஃபர்த், 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியர். என். எஸ். பிரபு 1979-லிருந்து 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நடத்திய திட்டம், செயல்வழியாக மொழி கற்பிப்பது பற்றி உலகம் முழுக்கப் பேசவைத்தது. அது தரவக ஆய்வு அல்ல. ஆனால் நம் பக்கத்துச் சாதாரணப் பள்ளிக்கூடத்திலிருந்து எழுதியதை உலகம் படிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கணினித் தரவகத்தின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நெல்சன் ஃபிரான்சிசும் ஹென்றி குச்சேராவும் 1961-ல் அச்சான நூல்கள், இதழ்களிலிருந்து 500 துண்டுகள், துண்டுக்கு 2000 சொல் வீதம், மொத்தம் 10 லட்சம் சொற்களைச் சேர்த்து 1964-ல் வெளியிட்டார்கள். அதே அளவில் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு ஒன்று செய்ய ஜெஃப்ரி லீச் லங்காஸ்டரில் 1970-ல் தொடங்கினார். பதிப்புரிமை அனுமதி வாங்குவதிலேயே வேலை சிக்கிக்கொண்டது. கடைசியில் நார்வேயில் ஸ்டிக் யோஹான்சன் கைகொடுத்து 1978-ல்தான் முடிந்தது. லீச் அப்போதே பெயர் பெற்ற இலக்கண அறிஞர். அவருக்கே அந்த நிலை. பிறகு 1990-களில் பத்துக் கோடிச் சொல் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகம் வந்தபோது அதிலும் அவர் பங்கு பெரிது.

நம் நாட்டு ஆங்கிலத்துக்கு இதே அச்சில் முதல் தரவகத்தை உருவாக்கியது டெல்லியோ பம்பாயோ அல்ல. கோலாப்பூர், சிவாஜி பல்கலைக்கழகம், எஸ். வி. சாஸ்திரி. 1978-ல் அச்சான இந்திய ஆங்கிலத்திலிருந்து 10 லட்சம் சொற்கள்; 1986-ல் முடிந்தது. கோலாப்பூரும் மராத்தியும் கன்னடமும் உரசிக்கொள்ளும் எல்லைச் சீமைதான் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். இந்திய ஆங்கிலம் பற்றி எழுதுகிற யாரும் இன்றைக்கும் அந்தப் பெயரைத் தொடாமல் போக முடியாது. ஒரு தரவகத்தை ஒழுங்காக உருவாக்கினால் ஆய்வாளரின் மற்ற கட்டுரைகள் மறந்து போனாலும் அது நிற்கும்.

ஒரு ஆய்வு வாழ்க்கை எப்படிப் போகும் என்று கேட்டீர்கள் அல்லவா? ஜான் சின்க்ளேரை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் எடின்பரோவில் பேச்சு ஆங்கிலத்தைப் பதிவுசெய்து, ஏறத்தாழ 1,35,000 சொற்களை எழுத்தாக்கி, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் கூடி வருகிறது என்று பார்க்கத் தொடங்கினார். 1965-ல் பர்மிங்ஹாம் போனார். அன்றைய கணினிகளுக்கு அந்த வேலை பெரிய சுமை, துறையிலும் மொழி விதிகளை மனதுக்குள் தேட வேண்டும் என்ற மொழியியலாளர் சோம்ஸ்கியின் அலை. எண்ணிப் பார்க்கிறவர்களை யாரும் மதிக்காத காலம். 1980-ல்தான் காலின்ஸ் பதிப்பகத்தோடு சேர்ந்து கோபில்ட் என்ற அகராதித் திட்டம் ஆரம்பித்தது. 1987-ல் அகராதி வந்தது. கற்பவருக்கு உண்மையான பயன்பாட்டிலிருந்து எடுத்த எடுத்துக்காட்டு, முழு வாக்கியத்தில் விளக்கம் என்று அகராதி எழுதும் முறையையே அது மாற்றியது. இடையில் இருபது வருடத்துக்கு மேல். நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்தார், அதிலும் பெரிய பெயர் எடுத்தார். இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்று: தரவகம் மெதுவாக விளையும், ஆகையால் பக்கத்திலேயே சீக்கிரம் முடிகிற கற்பித்தல் ஆய்வு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வகுப்பறையிலிருந்து வந்தால் இன்னும் நல்லது.

சரி, கற்பித்தலுக்கு என்ன உதவி? ஒரு சொல்லைக் கிட்டத்தில் பார்ப்போம். 'காஸ்' என்ற ஆங்கில வினைச்சொல். விளைவிப்பது, காரணமாவது. விடைத்தாள் திருத்துகிற எவரும் "எஜுகேஷன் காஸஸ் டெவலப்மென்ட்", "மை மதர் காஸ்ட் மை சக்சஸ்" போன்ற வாக்கியங்களைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இலக்கணப்படி பிழை சொல்ல முடியாது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன. ஆனாலும் இடிக்கிறது. ஏன் இடிக்கிறது என்று பிள்ளை கேட்டால் நம்மில் பலர் "அப்படிச் சொல்ல மாட்டார்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம்.

இப்போது ஒரு பெரிய தரவகத்தில் அந்தச் சொல்லைத் தேடித் தொடரடைவு எடுங்கள். தொடரடைவில் தேடிய சொல் நடு வரிசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். இடப்பக்கம் அதற்கு முன்னால் வந்தது, வலப்பக்கம் பின்னால் வந்தது. வலப்பக்கத்தை மேலிருந்து கீழே படித்தால் டேமேஜ், ப்ராப்ளம்ஸ், டெத், கேன்சர், டிலே, பெயின், கன்சர்ன் என்றே இறங்கும். நல்லது எதுவும் லேசில் கண்ணில் படாது. மைக்கேல் ஸ்டப்ஸ் 1990-களில் இதை விரிவாகக் காட்டினார். 'செட் இன்' என்ற தொடருக்கு எழுவாயாக வருபவை பெரும்பாலும் வேண்டாதவையே என்று சின்க்ளேர் அதற்கு முன்பே கவனித்திருந்தார். சொல் அர்த்தத்தை மட்டும் சுமப்பதில்லை, கூட்டாளிகளின் வாசனையையும் சுமக்கிறது. இது பெரும்பாலான பழைய அகராதிகளில் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவரிடம் கேட்டாலும் சட்டென்று சொல்ல வராது. நூறு வரிகளை ஒன்றாகப் பார்த்தால்தான் தெரியும்.

நம் பிள்ளை ஏன் அப்படி எழுதுகிறது என்பதும் தெளிவு. தமிழில் "என் வெற்றிக்கு அம்மாதான் காரணம்" என்று சொல்வோம், "விபத்துக்கு டிரைவர்தான் காரணம்" என்றும் சொல்வோம். மலையாளத்திலும் இதே கதை. இந்த இடத்தில் இலக்கண விதியைச் சொல்லிக் கொடுப்பதைவிட இருபது தொடரடைவு வரிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்து, "வலப்பக்கச் சொற்களை நல்லது, கெட்டது என்று பிரி" என்றால் போதும். பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பர்மிங்ஹாமில் வெளிநாட்டு மாணவர்களுக்கு எழுத்து வகுப்பு நடத்திய டிம் ஜான்ஸ் இந்த முறைக்கு ஒரு பெயரும் கொடுத்துப் பரப்பினார். தரவுவழிக் கற்றல் எனலாம். லேப் தேவையில்லை, இன்டர்நெட் தேவையில்லை. ஒரு ஜெராக்ஸ் கடை போதும். ஒரு எச்சரிக்கை: தரவக வரிகளை அப்படியே கொடுத்தால் தெரியாத சொற்கள் மண்டிக்கிடக்கும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வரிகளைத் தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுப்பது ஏமாற்று வேலை என்று சுத்தவாதிகள் சொல்வார்கள். ஆசிரியர் வேலையே தேர்ந்தெடுப்பதுதானே?

எண்ணிக்கையே பாடத்திட்டம் ஆகிவிடாது என்று முதலில் சொன்னேன். எந்த ஆங்கிலத் தரவகத்திலும் ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்க்கிழமையைவிட அதிகமாக வரும். அதற்காக ஞாயிறை ஒன்றாம் வகுப்பிலும் செவ்வாயை மூன்றாம் வகுப்பிலுமா சொல்லிக் கொடுப்போம்? தரவகத்தில் கிடைப்பது பேச்சு நடந்து முடிந்த பிறகு மிஞ்சிய எழுத்து, அந்தப் பேச்சின் சூழல் அதில் இல்லை என்று மொழி கற்பித்தல் அறிஞர் ஹென்றி விடோசன் விடாமல் வாதாடினார். கொஞ்சம் அதிகமாகவே அடித்தார் என்பது என் எண்ணம், ஆனால் ஆய்வேடு எழுதும்போது அவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு எழுதுங்கள், நல்லது. மறுபக்கம், எண்ணிக்கை நேராக உதவிய இடமும் உண்டு. ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல்: 35 லட்சம் சொற்களைக் கொண்ட பல்துறைக் கல்வி நூல் தொகுப்பிலிருந்து எடுத்த 570 சொற்குடும்பங்கள். ஒரு கல்வி நூலில் பத்தில் ஒரு சொல் ஏறக்குறைய இதற்குள் அடங்கும். தமிழ் மீடியத்திலிருந்து நேராக டிகிரி வகுப்புக்குப் போய், பொருளாதாரப் புத்தகத்தைத் திறந்து மிரளும் பிள்ளைக்கு இதைவிடச் சிக்கனமான உதவி வேறு இல்லை.

இனி உங்கள் ஊர் விஷயம். கற்பவர்கள் எழுதும் ஆங்கிலத்தையே தரவகமாக்கும் வழக்கத்தைப் பெல்ஜியத்தின் லூவேனில் சில்வியான் கிராஞ்சே 1990-ல் தொடங்கிவைத்தார். வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஒரே வகைக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுத, அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது. அவர்களுக்குப் பிரெஞ்சு மாணவர் ஒரு நாட்டில், போலிஷ் மாணவர் இன்னொரு நாட்டில். பள்ளி, பாடநூல், தேர்வு எல்லாமே வேறு. வித்தியாசம் தெரிந்தால் அது தாய்மொழியால் வந்ததா, பள்ளியால் வந்ததா என்று பிரிப்பது பெரும்பாடு. உங்களுக்கோ கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் ஒரே பெஞ்சில் தமிழ்ப் பிள்ளையும் மலையாளப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே கேரளப் பாடத்திட்டம், ஒரே பரீட்சை. தமிழ் மீடியம், மலையாள மீடியம், இங்கிலீஷ் மீடியம் மூன்றும் ஒரே பஸ் ரூட்டில். இப்படி ஒரு களத்தை லூவேன்காரர்கள் காசு கொடுத்தாலும் உருவாக்க முடியாது.

என்ன கேட்கலாம் என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம். தமிழில் வினைமுற்று ஆளுக்கு ஆள் மாறும்: வந்தான், வந்தாள், வந்தார்கள். மலையாளம் அந்த விகுதிகளை உதிர்த்துவிட்டது. அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. ஆங்கிலத்தில் நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்கு மட்டும் வினையின் கடைசியில் ஓர் 'எஸ்' ஒட்ட வேண்டும். 'ஹி கோ' என்று எழுதாமல் 'ஹி கோஸ்' என்று எழுத வேண்டும். வினை எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும் என்ற பழக்கம் வீட்டிலேயே உள்ள தமிழ்ப் பிள்ளை, அது இல்லாத மலையாளப் பிள்ளையைவிட இந்த 'எஸ்'ஸைக் குறைவாக விடுகிறதா? ஆந்திர எல்லையில் குப்பம், நகரி, ஆந்திரச் சித்தூர் பக்கம் இதே வேலையைச் செய்தால் தெலுங்கும் சேரும். தெலுங்கிலும் வினை மாறும்.

விடை என்ன வரும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். இந்த 'எஸ்' எந்தத் தாய்மொழிக்காரருக்கும் தாமதமாகத்தான் கைக்கு வரும் என்பது 1970-களிலிருந்து வந்த உருபன் வரிசை ஆய்வுகளின், அதாவது இலக்கண விகுதிகள் எந்த வரிசையில் கைக்கு வருகின்றன என்று பார்த்த ஆய்வுகளின், பொதுவான முடிவு. பிறகு 2016-ல் அகிரா முராகாமியும் தியோடோரா அலெக்ஸோபூலூவும் கேம்பிரிட்ஜ் கற்போர் தரவகத்தை வைத்து, அந்த வரிசையிலும் தாய்மொழியின் கை இருக்கிறது என்று காட்டினார்கள். தமிழ், மலையாளம் போல அக்கா தங்கை மொழிகளுக்குள், ஒரே வகுப்பறைக்குள், அந்தக் கை தெரியுமா? வித்தியாசமே இல்லை என்று வந்தாலும் அது ஆய்வேடுதான். வழிகாட்டிகள் சிலர் வித்தியாசம் வந்தாக வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். அவர்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இங்கேதான் சேகரிப்பின் நுணுக்கம் வருகிறது. படிவத்தில் "தாய்மொழி" என்று ஒரு கோடு போட்டு விட்டால் எல்லாம் போச்சு. நம் பக்கம் தாய்மொழி தமிழ் என்று எழுதுகிற பிள்ளை அப்பாவிடம் தமிழும் கூட்டாளிகளிடம் மலையாளமும் பேசும். தெலுங்கும் கன்னடமும் வீட்டுக்குள் மட்டும் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் வெளியே கேட்டால் தமிழ் என்பார்கள். ஆகவே அம்மாவிடம் எதில் பேசுவாய், பாட்டியிடம் எதில், கடையில் எதில், சண்டை வந்தால் எதில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். எந்த மீடியம், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, டியூஷன் உண்டா, இதெல்லாம் அதே தாளில். லூவேன் படிவத்திலும் வீட்டு மொழி, ஆங்கிலம் படித்த வருடங்கள் எல்லாம் உண்டு. அதை மாதிரியாக எடுத்துக்கொண்டு நம் ஊருக்குத் தகுந்தபடி நீட்டுங்கள்.

கட்டுரையை வகுப்பிலேயே, கையால், பார்க்காமல் எழுதவைக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் கைடு நோட்ஸ் திரும்பி வரும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் சேர்ந்துகொண்டன. போனில் தலைப்பைக் கொடுத்தால் பிழையில்லாத ஆங்கிலம் வந்து விழுகிறது. சிலர் இதனால் கற்போர் தரவகத்துக்கே வேலை இல்லை என்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பிள்ளை தானாக எழுதியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய எழுத்து இனிமேல் அரிதாகிக்கொண்டே போகும். தேதியும் சூழலும் குறித்துவைத்த கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு கூடும். மூலத்தாளை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துங்கள்.

தட்டச்சு செய்யும்போது பிழையைத் திருத்தக் கூடாது. சொல்வது சுலபம். வேர்ட் மென்பொருள் உங்களுக்குத் தெரியாமலே 'டெஹ்' என்பதை 'த' என்று திருத்திவிடும், வாக்கிய முதலெழுத்தைப் பெரிதாக்கிவிடும். உங்கள் ஆய்வுப் பொருளையே அது துடைத்துப் போட்டுவிடுகிறது. தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள், அல்லது நோட்பேடில் அடியுங்கள். வெறும் எழுத்துக் கோப்பாக, யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். கோப்பின் பெயரில் பிள்ளையின் பெயர் வரக் கூடாது. ஒரு குறியெண் போடுங்கள், எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் தனியாகப் பூட்டில் இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், அனுமதிக் கடிதம் அவர்கள் படிக்கிற மொழியில் இருக்க வேண்டும். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. இந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் பிற்பாடு எந்த நல்ல ஆய்விதழும் உங்கள் கட்டுரையைத் தொடாது.

அப்புறம் எண்ணுவது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பிள்ளை 300 சொல்லில் 3 தடவை ஒரு பிழை செய்கிறது, இன்னொன்று 1200 சொல்லில் 6 தடவை. ஆறு பெரிதாகத் தெரியும். ஆயிரம் சொல்லுக்குக் கணக்குப் போட்டால் முதல் பிள்ளைக்குப் பத்து, இரண்டாவதுக்கு ஐந்து. படர்க்கை 'எஸ்' மாதிரி விஷயத்துக்கு இதுவும் போதாது. எத்தனை இடத்தில் அது வந்திருக்க வேண்டும், எத்தனை இடத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும். நிகழ்காலத்தையே தவிர்த்துவிட்டு எழுதிய கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பிழையே இருக்காது. பரவலையும் பாருங்கள்: நாற்பது பிழையில் முப்பது ஒரே பிள்ளையுடையது என்றால் அது குழுவின் குணம் ஆகாது. இரு தொகுப்புகளுக்கு இடையே ஒரு சொல்லின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க லாக்-லைக்லிஹுட் என்ற கணக்கைப் போடுவார்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே அதற்குக் கணிப்பான் இருக்கிறது. 3.84-ஐத் தாண்டினால் நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான வரம்பைத் தாண்டியது என்று பொருள். ஆனால் அந்தக் கணக்குக்கு எந்தச் சொல்லை யார் எழுதினார் என்று தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

எது பிழை என்பதே அடுத்த தலைவலி. 'டிஸ்கஸ் அபவுட்' என்று நம் பேராசிரியர்களே எழுதுகிறார்கள், பத்திரிகையிலும் வருகிறது. அதைப் பிழை என்று குறிப்பதா, இந்திய ஆங்கிலத்தின் வழக்கு என்று விடுவதா? இந்திய ஆங்கிலத்தை ஆராய்ந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு வாழ்நாள் முழுக்க இதைத்தான் எழுதினார். உலக ஆங்கிலத் தரவகத் திட்டத்தின் இந்தியப் பகுதியில் படித்தவர்களின் பேச்சும் எழுத்துமாக 10 லட்சம் சொற்கள் உள்ளன. அதில் தேடிப் பார்த்து, அங்கே வழக்கில் இருந்தால் பிழைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் பக்கம். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் விதியை எழுதிவைத்து, அதே தாள்களை இன்னொருவரையும் குறிக்கச் சொல்லி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று கணக்குக் காட்டுங்கள்.

கருவிகளுக்கு வருவோம். டோக்கியோ வசேடா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஆன்தனி எழுதிய ஆன்ட்கான்க் இலவசம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். தொடரடைவு, சொற்பட்டியல், கூடிவரும் சொற்கள் எல்லாம் அதிலேயே கிடைக்கும். முதலில் அதில் கை பழகட்டும். பிறகு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்கிற தேடல் குறியீடுகளை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். சில வாரப் பழக்கத்தில் வந்துவிடும், வாழ்நாள் முழுக்கச் சோறு போடும். பைத்தான், ஆர் (R) போன்ற புரோகிராமிங் மொழிகளை இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம். வேலை சந்தையில் அவற்றுக்கு விலை உண்டு என்பதால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தமிழ் எழுத்தையும் ஆராயும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: 'வந்துகொண்டிருக்கிறார்களாம்' என்பதை இந்தக் கருவிகள் ஒரே சொல்லாக எண்ணும். ஆங்கிலத்துக்குப் பொருந்தும் எண்ணிக்கை முறை தமிழுக்கு அப்படியே பொருந்தாது.

வேலை, பணம். "தரவக மொழியியலாளர் தேவை" என்று விளம்பரம் வரும் நாட்டில் நாம் இல்லை. நடைமுறையில் நீங்கள் ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியராகத்தான் சேர்வீர்கள். ஆகவே கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் ஆங்கிலத்தை எழுதுங்கள். மொழியியல் அங்கே தனிப் பாடம். அதே தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். ஊரில் டுடோரியல் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். யுஜிசியின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. கற்போர் தரவகம் உருவாக்கி ஆய்வு செய்ய மூன்று போதாது, நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடம்? கற்பித்தலை முதன்மையாக வைத்தால் ஹைதராபாத்தில் இஃப்லூ என்கிற ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். 1958-ல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கிய இடம், இந்தத் துறைக்கு நூலகமும் ஆட்களும் உண்டு. மொழியியலை முதன்மையாக வைத்தால் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகம், பக்கத்திலேயே கோவை பாரதியார், கொஞ்சம் தள்ளி அண்ணாமலை. மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தமிழ், மலையாளம் உட்பட நம் மொழிகளுக்கான தரவகங்களை வைத்திருக்கிறது. ஒப்பிட வேண்டிவந்தால் அங்கே கேளுங்கள். எல்லைக்காரர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாட்டு அரசு வேலையில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது, அங்கே வாங்கியதை வைத்து இங்கேயும் முடியாது. தமிழ்நாட்டு ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பிக்கும் கேரள அரசுப் பணித் தேர்வாணையமான பிஎஸ்சிக்கும் ஒரே நேரத்தில் தயாராகிற பிள்ளைகள் இதைக் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

கல்லூரிக்கு வெளியே அகராதிப் பதிப்பகங்கள், தேர்வு நடத்தும் அமைப்புகள், மொழித் தொழில்நுட்ப நிறுவனங்கள் இந்தப் பயிற்சி உள்ளவர்களை எடுக்கின்றன. கேம்பிரிட்ஜ் கற்போர் தரவகமே ஒரு தேர்வு அமைப்பின் விடைத்தாள்களிலிருந்து வளர்ந்ததுதான். காசு வாங்கிக்கொண்டு பத்து நாளில் கட்டுரை போடும் ஆய்விதழ்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். உங்கள் பயோடேட்டாவை நல்ல இடத்தில் யாராவது படிக்கும்போது அந்த இதழின் பெயர்தான் முதலில் கண்ணில் படும்.

வழிகாட்டியைத் தேடிப் போகும்போது கோட்பாடு நிறைந்த இருபது பக்கத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். உங்கள் டுடோரியல் பிள்ளைகள் வகுப்பில் எழுதிய கட்டுரைகளில் ஒரு முப்பதை, அனுமதி வாங்கி, திருத்தாமல் அடித்து, ஆன்ட்கான்கில் போட்டு, ஒரே ஒரு பக்கத் தொடரடைவு எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்துவிட்டு "இந்தப் பிள்ளையின் வீட்டு மொழி தமிழ் என்று எப்படி முடிவு செய்தாய்?" என்று கேட்கிறவரிடம் சேருங்கள். "வருடத்துக்கு எத்தனை பேப்பர் போடுவாய்?" என்று மட்டும் கேட்கிறவராக இருந்தால், வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த துறையின் கதவைத் தட்டுங்கள்.